பாடகிகளிடம் கிடார் படித்தவர்

மெகாடெத் என்ற அமெரிக்க மெட்டல் ராக் குழுவின் ‘டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்’ பாட்டில் ஒரு கிடார் சோலோ, அதாவது கிடார் தனித்து முன்னே வரும் பகுதி, வரும். மொத்தமே ஏறக்குறைய ஒரு நிமிடம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது. தாளத் துடிப்பு தட்டும் மெட்ரோநோம் கருவியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று துடிப்பு கூட்டிக் கூட்டி, கடைசியில் ஒரு சுரம்கூடப் பிசகாமல் முழு வேகத்தில் வாசித்துப் பதிவும் செய்துவிட்டேன். திரும்பப் போட்டுக் கேட்டால் சப்பென்று இருந்தது. சுரமெல்லாம் சரி, வேகமும் சரி. ஆனாலும் அது அந்த சோலோ இல்லை.

அக்கா முறையாக வாய்ப்பாட்டு கற்றவள். மெட்டல் என்றாலே முகத்தைச் சுளிப்பாள். அன்று வேறு ஆள் கிடைக்காததால் அவளிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன், முதலில் அசல், அப்புறம் என்னுடையது. முழுசாகக் கூடக் கேட்கவில்லை. “அவன் பாடுறான்டா. நீ டைப் அடிக்கிற” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கோபம்தான் வந்தது. அந்த சோலோவை வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மனைப் பற்றிப் பிறகு நான் படித்ததும் கேட்டதும் எல்லாம் அந்த ஒரு வரிக்கு உரை எழுதியது போலத்தான் இருந்தன.

ஃப்ரீட்மன் 1962 டிசம்பரில் அமெரிக்காவின் வாஷிங்டனில் பிறந்தவர். பதின்ம வயதில் கிஸ் குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு கிடாரைக் கையில் எடுத்தார். குருவென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை, தானாகக் கற்றுக்கொண்டதுதான். கிஸ், ரமோன்ஸ், பிளாக் சப்பாத் என்று அவரைத் தொடக்கத்தில் ஈர்த்த பெயர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். இவர்களில் யாரும் விரல் வித்தைக்காரர்கள் இல்லை. ரமோன்ஸ் பாட்டுக்கு மூன்று கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) தெரிந்தால் போதும். ஜெர்மனிக்காரரான ஊலி யோன் ரோத்தும் அவருக்குப் பிடித்தவர்தான், அவர் நிஜமான வித்தைக்காரர். ஆனால் அடித்தளம் போட்டது மூன்று கார்டு ஆட்கள். சோலோ முடிந்த பிறகும் வாயில் முணுமுணுக்க ஏதாவது மிஞ்ச வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அங்கேயிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பிறகு ஹவாய்க்குப் போனார். அவர் கதை உண்மையில் தொடங்குவது அங்கேதான். கரும்புத் தோட்ட வேலைக்காக 1885 முதலே ஜப்பானியர்கள் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிய தீவுகள் அவை. அதனால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஜப்பானியப் பாட்டு சர்வசாதாரணமாக ஓடும். அங்கேதான் எங்கா என்ற பாட்டு வகை இவர் காதில் விழுந்தது.

எங்காவை ஜப்பானின் சோகப் பாட்டு என்று சொல்லிவிடலாம். துறைமுகம், மழை, சாராயம், விட்டுப்போன காதலன், திரும்ப முடியாத சொந்த ஊர், இவற்றையே சுற்றிச் சுற்றி வரும். மிசோரா ஹிபாரி இந்த வகையின் மகாராணி. 1989இல் இறந்தார். இன்றும் அவர் பெயரைச் சொல்லாமல் எங்காவைப் பற்றிப் பேச முடியாது.

இதன் சுர அமைப்பு தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்காவில் பெரும்பகுதி ‘யொனானுகி’ என்ற முறையில் அமைந்தது. நாலாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் எடுத்துவிடு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மேற்கத்திய இசையின் ஏழு சுர மேஜர் ஸ்கேலிலிருந்து மத்தியமத்தையும் நிஷாதத்தையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நம் மோகனம். மைனரில் இதையே செய்தால் ச, ரி2, க2, ப, த1 என்று நிற்கும். சிவரஞ்சனியை எடுத்து அதன் தைவதத்தை மட்டும் அரை சுரம் கீழே இறக்கிவிட்டது போல. மேற்கத்திய கிடார் புத்தகங்களில் ‘ஹிராஜோஷி’ என்று மர்மப் பொருள் மாதிரி அச்சிடப்படும் ஸ்கேல் இதே ஐந்து சுரங்கள்தான். சிவரஞ்சனி கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அழுகை புதிதே இல்லை.

சுரம் மட்டும் எங்கா ஆகிவிடாது. அதன் உயிர் ‘கொபுஷி’. பாடகி ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும்போது குரலைச் சட்டென்று ஒரு சுழற்று சுழற்றி, மேலே தொட்டு, கீழே உரசி, மறுபடி வந்து உட்காருவாள். கமகத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலவேளை சுரத்துக்கு நேராக வரவும் மாட்டாள். அதற்குக் கொஞ்சம் கீழே, எந்தக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் தொடங்கி, நமக்குப் பொறுமை போகும் நேரத்தில் மேலே ஏறிச் சேருவாள். இந்தப் பாடகிகள் குரலில் செய்ததைத் தந்தியில் கொண்டுவர முயன்றதாக ஃப்ரீட்மன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மற்ற கிடார்காரர்கள் வேறு கிடார்காரர்களை நகலெடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

எங்கா மீது இருந்த மோகத்தால் ஹவாயில் அவர் உடனே சாந்தமான இசைக்குத் திரும்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். விக்சன் என்று ஒரு குழு தொடங்கினார் (பின்னாளில் பிரபலமான பெண்கள் குழு விக்சன் வேறு). அதுவே பிற்பாடு ‘ஹவாய்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு 1983இல் முதல் ஆல்பம் போட்டது. தலைதெறிக்க ஓடும் மெட்டல். இன்று கேட்டால் ஆர்வம் தெரிகிறது, பக்குவம் தெரியவில்லை. தாண்டிப் போகலாம்.

அடுத்த நிறுத்தம் கலிஃபோர்னியா. அங்கே மைக் வார்னி என்பவர் 1980இல் ஷ்ராப்னெல் என்ற சிறிய இசை நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கிடார் பத்திரிகை ஒன்றில் புதிய திறமைகளை அறிமுகப்படுத்தும் பத்தியும் அவர் எழுதிவந்தார். உலகெங்கும் படுக்கையறைகளில் உட்கார்ந்து வாசிக்கும் பையன்கள் அவருக்கு கேசட் அனுப்புவார்கள். ஸ்வீடனிலிருந்து இங்வே மால்ம்ஸ்டீனை அமெரிக்காவுக்கு வரவழைத்தவர் அவர்தான். மால்ம்ஸ்டீன் 1984இல் தன் பெயரில் முதல் ஆல்பத்தை வெளியிட்டதும் கிடார் உலகம் தலைகீழானது. மேற்கத்திய செவ்வியல் மேதைகளான பாக், பகானினி வகை ஓட்டங்களை மின் கிடாரில் அசுர வேகத்தில் வாசிப்பதே பெருமை என்றானது. டோனி மெக்கால்பைன், வின்னி மூர் என்று ஷ்ராப்னெல் வரிசையாக ஆட்களை இறக்கியது. பாடகர் இல்லாத மெட்டல் ஆல்பத்துக்கென்று ஒரு சந்தையே உருவானது.

அந்தச் சந்தையில் வெளிவந்த பலதை நான் ஒரு காலத்தில் வெறியோடு கேட்டிருக்கிறேன். இப்போது திரும்பக் கேட்டால் பாதிக்கு மேல் யார் வாசிப்பது என்றே பிரித்துச் சொல்ல வராது. எல்லோரும் ஒரே ஹார்மோனிக் மைனர், ஒரே ஸ்வீப் ஆர்பெஜியோ. அத்தனை பேரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தை ஒப்பித்தது போல இருக்கும்.

வார்னி அங்கே ஃப்ரீட்மனுக்கு ஜேசன் பெக்கர் என்ற பையனை அறிமுகம் செய்துவைத்தார். 1969இல் பிறந்தவர், ஃப்ரீட்மனைவிட ஏறக்குறைய ஏழு வயது இளையவர். இருவரும் சேர்ந்து ககாஃபனி என்ற குழுவை அமைத்து 1987இல் ‘ஸ்பீட் மெட்டல் சிம்பொனி’யையும் மறு ஆண்டு ‘கோ ஆஃப்!’ ஆல்பத்தையும் கொண்டுவந்தார்கள். பெயர் போலவே முதல் ஆல்பம் கொஞ்சம் இரைச்சல்தான், பாட்டு வரும் இடங்களை நான் இன்றும் ஓட்டிவிடுவேன். ஆனால் இரண்டு கிடாரும் ஒன்றையொன்று துரத்தும் இடங்கள் வேறு ரகம். இரட்டை நாயனம் கேட்பது போல, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பார். பெக்கர் பளிங்கு மாதிரி சுத்தமாக வாசிப்பார். ஃப்ரீட்மன் சுரத்தை வளைத்து, இழுத்து, கொஞ்சம் அழுக்காக்கித் தருவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் எவர் என்று சொல்லிவிடலாம்.

1988இல் இருவரும் ஆளுக்கொரு தனி ஆல்பமும் போட்டார்கள். ஃப்ரீட்மனுடையது ‘டிராகன்ஸ் கிஸ்’. அதில் நாலாவது பாட்டின் தலைப்பு ‘நமிதா’, கண்ணீர் என்பதற்கான ஜப்பானியச் சொல். அப்போது அவர் ஜப்பானில் குடியேறுவார் என்று யார் கண்டது? அந்த ஆல்பத்தில் வேகம் தாராளமாக இருக்கிறது. ஆனால் வேகம் நின்று ஒரு சுரம் நீளும் இடங்களில்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

பெக்கரின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. அவர் பிரபல ராக் பாடகர் டேவிட் லீ ராத்தின் குழுவில் சேர்ந்தார். அந்த வயதில் ஒரு ராக் கிடார்காரனுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது. அதே நேரத்தில் காலில் ஏதோ சோர்வு தட்ட, மருத்துவர்கள் ஏஎல்எஸ் என்றார்கள். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். அப்போது அவருக்கு வயது 20. ஆல்பத்தை எப்படியோ வாசித்து முடித்தார், சுற்றுப்பயணம் போக முடியவில்லை. சில ஆண்டுகளில் கைகள் நின்றன, பேச்சும் நின்றது. அவருடைய அப்பா கண் அசைவுகளை எழுத்துகளாக மாற்றும் ஒரு முறையை உருவாக்கினார். அதை வைத்துக்கொண்டு பெக்கர் இன்றுவரை இசையமைக்கிறார். 2014இல் வந்த ஃப்ரீட்மனின் ‘இன்ஃபெர்னோ’ ஆல்பத்தில் ஒரு பாட்டை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். 2018இல் பெக்கர் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் கிடார் வாசித்தது ஃப்ரீட்மன். அதில் வயலினும் செல்லோவும் விட்டுக்கொடுக்கும் இடைவெளியில் அவர் நுழைவது அத்தனை அடக்கமாக இருக்கும். முப்பது வருடம் முன்பு இதே இருவர்தான் ஒருவரையொருவர் துரத்தினார்கள் என்பது நினைவுக்கு வந்தால் மேற்கொண்டு கேட்பது சிரமம்.

சரி, மெகாடெத்துக்கு வருவோம். 1990 தொடக்கத்தில் ஃப்ரீட்மன் அதில் சேர்ந்தபோது ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தின் பாட்டுகள் பெரும்பாலும் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. வேறு ஒருவர் கட்டிய வீட்டில் சன்னல் வைக்கும் வேலைதான் அவருக்கு. வைத்த சன்னல்கள் எப்படி? முதல் பாட்டான ‘ஹோலி வார்ஸ்’ ஓட்டமாக ஓடிச் சட்டென்று நிற்கும். அங்கே மின்சாரமில்லாத ஒரு சாதாரண கிடாரில் சில வினாடிகள் மட்டும் ஒரு கீழைத்தேயச் சாயல் வரும். அதைச் சந்தையில் கிடைத்த மற்ற வேகக்காரர்கள் யாராவது வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அப்புறம் என் எட்டு மாதத்தைத் தின்ற அந்த சோலோ. பதிவு முடிந்து குழுத் தலைவர் டேவ் மஸ்டெய்ன் உள்ளே வந்து, கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கையைக் குலுக்கிவிட்டுப் போனாராம். தான் உண்மையில் இந்தக் குழுவின் ஆள் என்று அப்போதுதான் தோன்றியதாக ஃப்ரீட்மன் சொல்லியிருக்கிறார்.

அக்கா எழுந்து போன பிறகு அந்த சோலோவை நான் வேறு மாதிரி கேட்கப் பழகினேன். கிடாரை ஓரமாக வைத்துவிட்டு வாயால் பாடிப் பார்த்தேன். முதல் ஆச்சரியம், பாட முடிந்தது. வேகமான பகுதிகளைத் தவிர்த்து மீதியெல்லாம் மூச்சு விடும் இடங்களோடு, வாக்கியம் வாக்கியமாக இருந்தது. இரண்டாவது, அவர் தந்தியை இழுக்கும் முறை. வழக்கமாக ராக் கிடாரில் ஒரு சுரத்தில் நின்று, தந்தியைத் தள்ளி, ஒரு முழு சுரம் மேலே ஏற்றி, அங்கே விப்ராட்டோ என்ற நடுக்கம் கொடுத்து முடிப்போம். ஃப்ரீட்மன் தொடங்கும் சுரமே பலவேளை அந்த இடத்துக்குப் பொருந்தாத சுரமாக இருக்கும். தப்பாக அடித்துவிட்டாரோ என்று நினைக்கும் கணத்தில் அது நழுவிச் சரியான சுரத்தில் போய் விழும். சிலவேளை தந்தியை முன்பே இழுத்து வைத்துக்கொண்டு, தட்டிய பிறகு மெல்லத் தளர்த்துவார். வீணைக்காரர்கள் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இரண்டு மூன்று சுரத்தைக் காட்டுவார்களே, அந்தப் புத்திதான். நான் எட்டு மாதமும் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் வழியை நான் கவனிக்கவே இல்லை, அக்கா ‘டைப் அடிக்கிற’ என்றது அதைத்தான்.

அவருடைய வலது கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மணிக்கட்டை வெளிப்பக்கம் வளைத்து, உள்ளங்கையைத் தந்தியிலிருந்து தூக்கி, ஏதோ சுளுக்குப் பிடித்தவர் போல, தந்தியைத் தட்டும் பிக்கைப் பிடித்திருப்பார். எந்தக் கிடார் ஆசிரியரிடம் போனாலும் முதல் நாளே திருத்திவிடுவார்கள். தானாகக் கற்றதில் ஒரு லாபம் இது, திருத்த ஆள் இல்லை. நானும் கொஞ்ச நாள் அப்படிப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

மெகாடெத்தில் பத்து ஆண்டுகள். 1992இல் வந்த ‘கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது. முதலிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் பில்லி ரே சைரஸ் என்ற கன்ட்ரி பாடகர். மெட்டல் ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத புண். அதே ஆண்டில் ஃப்ரீட்மன் தன் பெயரில் ‘சீன்ஸ்’ என்ற ஆல்பம் போட்டார். ஜப்பானிய இசையமைப்பாளர் கிடாரோவுக்கு அதன் தயாரிப்பில் பங்கு உண்டு. மெட்டலே இல்லை, மெதுவான, காற்றோட்டமான இசை. உலகமே அவரை வேகக்காரராகக் கொண்டாடிய ஆண்டில் வேகமே இல்லாத ஓர் ஆல்பம். அவருடைய ஆல்பங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

சுற்றுப்பயணங்களுக்கு இடையில் அவர் அஞ்சல் வழியில் ஜப்பானிய மொழி படித்தார். ஜப்பானுக்குப் போனால் பேட்டிகளை ஜப்பானிய மொழியிலேயே கொடுக்கத் தொடங்கினார். வாக்மேனில் ஓடியது ஜப்பானிய பாப் பாட்டு, மேடையில் வாசித்தது மெட்டல். இந்த இரட்டை வாழ்க்கை எத்தனை நாளைக்கு ஓடும்? 1999இல் ‘ரிஸ்க்’ வந்தது. மெகாடெத் ரசிகர்கள் இன்றும் திட்டும் ஆல்பம். எனக்கும் அது ஒட்டவில்லை. 2000 தொடக்கத்தில் அவர் குழுவிலிருந்து விலகினார்.

2003இல் டோக்கியோவுக்கே குடிபெயர்ந்தார். அங்கே போய் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அய்க்காவா நானாசே என்ற பாப் பாடகிக்குப் பின்னால் நின்று கிடார் வாசித்தது. மைதானங்களில் வாசித்த மனிதர், ஒரு பாடகியின் பக்கவாத்தியமாக! இறக்கம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கென்னவோ அவர் கடைசியில் தன் பாடசாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே படுகிறது. 2005இல் ‘ஹெபிமெட்டா-சான்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. ஹெவி மெட்டல் அண்ணாச்சி என்று வேண்டுமானால் தமிழ்ப்படுத்தலாம். அதில் மெட்டலையும் ஜப்பானியப் பாட்டையும் ஒப்பிட்டுக் கலகலப்பாகப் பேசுவார். மெகாடெத் என்ற பெயரையே கேள்விப்படாத மக்களுக்கு அவர் முகம் பழக்கமானது அப்படித்தான்.

2009இல் ‘டோக்கியோ ஜூக்பாக்ஸ்’ வந்தது. ஜப்பானியர்களுக்கு மனப்பாடமான பாட்டுகளைக் கிடாரில் வாசித்த ஆல்பம். பாடகி பாடிய இடத்தையெல்லாம் கிடார் எடுத்துக்கொள்கிறது. பாப் பாட்டுகளுக்கு நடுவே ‘அமகி கோயே’ என்ற எங்காவும் உண்டு. இஷிகாவா சயூரி 1986இல் பாடியது, பொறாமை முற்றிய ஒரு பெண்ணின் பாட்டு. பின்னாளில் ஜப்பான் அரசின் கலாச்சார முகமை ஃப்ரீட்மனைப் பாரம்பரியத் தூதராக நியமித்தது. அதற்கான அடையாளப் பாட்டை எழுதி, டோக்கியோ ஃபில்ஹார்மோனிக் குழுவோடு வாசித்தார்.

2023 பிப்ரவரி 27 அன்று டோக்கியோவின் புதோகான் அரங்கில் மெகாடெத் வாசித்தபோது ஃப்ரீட்மன் விருந்தாளியாக மேடையேறினார். இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. மூன்று பாட்டுகள், அதில் ஒன்று ‘டொர்னாடோ ஆஃப் சோல்ஸ்’. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. அந்த நீளும் சுரங்களுக்கு இப்போது முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது. பழைய பதிவோடு வைத்து அளந்து பார்க்கலாம், ஆனால் அளக்க மனம் வரவில்லை.

அக்காவுக்கு ‘அமகி கோயே’யின் கிடார் வடிவத்தை அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்து, “இது யாரோ பாடின பாட்டுதானே? அந்தப் பொம்பளை பாடினத அனுப்பு” என்றாள். சயூரி பாடியதை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த செய்தி முழுக்க சுரக் குறிப்புகள், எங்கே குலுக்குகிறாள், எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று.

இப்போது நான் ஃப்ரீட்மனின் வாசிப்பைக் கேட்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். சயூரியின் குரலை மட்டும் ஓடவிட்டு, அக்காவின் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடாரில் தேடுகிறேன். மெட்ரோநோம் பெட்டிக்குள் கிடக்கிறது. முதல் இரண்டு வரி ஓரளவு வந்திருக்கிறது. மூன்றாவது வரியின் முடிவில் அவள் குரல் உடைந்து மேலே போகும் இடத்தை எந்தத் தந்தியில் பிடிப்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.